மூட்டை சைக்கிளின் பின்வீல்: 40 கம்பியும் புதிதாகக் கட்டிய விவரம்

கொள்முதல் நிலையத்துச் சிப்பம் (மூட்டை) இரண்டு, ஆகமொத்தம் 80 கிலோ, கேரியரில். வாய்க்கால் கரை, அதைத் தாண்டினால் கப்பி பெயர்ந்த சாலை. புதிதாகக் கட்டிய வீல் இதில் ஓடி வந்த பிறகும் கோட்டம், அதாவது ரிம்மின் பக்கவாட்டு நெளிவு, ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றது, ஒரு கம்பிகூடத் தளரவில்லை. இதே ஹப்பில் (வீலின் நடுக் குடம்) முன்பு இருந்த வீல் அப்படியில்லை. செயின் பக்கம் ஒரு கம்பி முறியும். மாற்றினால் பக்கத்துக் கம்பி முறியும். பார்க்கிறவர்கள் சுமையைத்தான் குறை சொல்வார்கள். சுமை அல்ல, கம்பிகள் தளர்வாக இருந்ததுதான் கோளாறு.

28 அங்குல வீல் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் தரைக்கு நேராக வரும் கம்பி கொஞ்சம் தளர்ந்து, மேலே போனதும் மறுபடி இறுகும். முறுக்கம், அதாவது கம்பியின் இழுப்பு, போதுமான அளவு இருந்தால் இந்தத் தளர்வு கம்பிக்குத் தெரியாது. முறுக்கம் குறைந்தால் கம்பி முழுசாகத் தொய்ந்து, ஹப் ஓட்டைக்குள் அதன் கழுத்து, அதாவது தலைக்கு அடியில் வளைந்த இடம், ஆடும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர். ஒரு தடவை போனாலே 18,000 ஆட்டம். கழுத்தில் முறிவது இதனால்தான். முறிந்த இடத்தைப் பார்த்தே காரணம் சொல்லிவிடலாம்: கழுத்தில் என்றால் முறுக்கக் குறைவு அல்லது ஹப் ஓட்டை பெரிது. முனையில் உள்ள திருகுப் புரியில் என்றால் துரு, இல்லாவிட்டால் கம்பி நீளம் பற்றாமல், ரிம்மில் அதைப் பிடிக்கும் சின்ன நட்டான நிப்பிளுக்குள் பாதிதான் ஏறியிருக்கிறது. நடுவில் என்றால் அடி பட்டிருக்கும், அல்லது செயின் கழன்று விழுந்து அறுத்திருக்கும்.

ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று கம்பி கழுத்தில் முறிந்துவிட்டால், மீதிக் கம்பிகளும் அதே அளவு சோர்ந்துபோனவைதான். ஒவ்வொன்றாக மாற்றுவது வீண். 40-ஐயும் கழற்றிக் கட்டுவதே மலிவு.

கட்டியது 28 × 1½ டயர் போடும் கறுப்பு ரோட்ஸ்டரின் பின்வீல். கம்பி பிரேக்குக்கான (ஒயருக்குப் பதில் இரும்பு ராடு இழுக்கும் பிரேக்) இரும்பு ரிம், 40 ஓட்டை. முன்வீலுக்கு 32, பின்வீலுக்கு 40 என்பது இங்கிலாந்துக்காரர்கள் விட்டுப்போன கணக்கு. இரண்டும் சேர்ந்து 72. கடையில் கம்பி குரோஸ் கணக்கில், அதாவது 144 ஆக, வருவதால், 144 வாங்கினால் இரண்டு சைக்கிளுக்குச் சரியாகப் போகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. கம்பி 14 கேஜ் என்றால் 2 மி.மீ., 13 கேஜ் என்றால் 2.3, 12 கேஜ் என்றால் 2.6. எண் குறையக் குறையத் தடிமன் கூடும். சுமைக்குத் தடித்த கம்பிதான் நல்லது என்று 12 கேஜ் தருவார்கள். அது சாதாரண ஹப் ஓட்டையில் நுழையாது. துளையைப் பெரிதாக்கி நுழைத்தால் ஹப்பின் பக்கத் தட்டு பலவீனமாகும். நல்ல முறுக்கத்தில் நிற்கும் 14 கேஜ், தொங்கிக்கொண்டிருக்கும் 12 கேஜை விட நெடுநாள் உழைக்கும். இந்த வீலுக்கு 14 கேஜ் ஸ்டெயின்லெஸ், பித்தளை நிப்பிள். ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி ஒன்றுக்குச் சில ரூபாய்தான். ஸ்டெயின்லெஸ் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. என்றாலும் 40 கம்பிக்கும் சேர்த்து வரும் கூடுதல் செலவு ஒரு டயர் விலைக்குள் அடங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ஓடும் சைக்கிளுக்கு இதில் யோசிக்கவே வேண்டாம். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி பாலிஷ் போட்ட இரும்புக் கம்பியையும் விற்கிறார்கள். காந்தத்தை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் இழுத்துச் செய்த ஸ்டெயின்லெஸ் கம்பியும் லேசாக ஒட்டும். ஒரு கம்பியை அரத்தால் கீறி, உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரிம்மைக் கடையிலேயே கடப்பாக் கல் அல்லது சமமான சிமெண்டுத் தரையில் படுக்க வைக்க வேண்டும். எங்காவது 2 மி.மீ.க்கு மேல் தூக்கி நின்றால் வேறு ரிம் கேட்க வேண்டும். வளைந்த ரிம்மைக் கம்பி இழுத்து நேராக்கிவிடலாம் என்பது பாதி உண்மை. நேராக நிற்கும், ஆனால் அந்த இடத்துக் கம்பி ஒன்று வீணைத் தந்தி போல இறுகியும் பக்கத்தது தொய்ந்தும் இருக்கும். தொய்ந்ததுதான் முதலில் முறியும். வெல்டிங் மூட்டையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே மேடு இருந்தால் கடைசி வரை போகாது.

கருவிகள் அதிகம் வேண்டாம். நிப்பிள் சாவி, தட்டை முனை ஸ்க்ரூடிரைவர், இரும்பு ஸ்கேல், ஃப்ரீவீல் (ஹப்பில் செயின் ஓடும் பல்சக்கரம்) கழற்றும் இரண்டு பல் சாவி, கோன் ஸ்பேனர், வைஸ். நிப்பிள் சாவியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. சுற்றிலும் பல அளவு வெட்டு உள்ள வட்டச் சாவியில், நிப்பிளில் ஆடாமல் உட்காரும் வெட்டைத் தேடிப் பெயிண்ட் புள்ளி வைத்துவிட வேண்டும். ஒரு நூல் பெரிய வெட்டைப் போட்டுத் திருகினால், இறுக்கம் ஏறும் கடைசிக் கட்டத்தில் நிப்பிள் மூலை உருண்டுவிடும். அப்போது டயர், டியூப், ரிம் டேப் எல்லாம் கழற்ற வேண்டிவரும்.

பழைய வீலைப் பிரிப்பது

ஃப்ரீவீலை முதலில் எடுக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பெடல் மிதித்து மிதித்து அது ஹப்பில் இறுகிப் போயிருக்கும். கழற்ற ஒரே பிடிமானம் முழு வீல்தான். கம்பியை வெட்டிய பிறகு கையில் வெறும் ஹப் இருந்தால், அதை எங்கே பிடித்துத் திருகுவது? சாவியை வைஸில் நிறுத்திப் பிடித்து, ஃப்ரீவீலின் இரண்டு பள்ளத்தில் அது உட்காரும்படி வீலை மேலே கவிழ்த்து, வீலை ஸ்டியரிங் போலக் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் திருப்பினால் கழன்று வரும். அச்சு நட்டைச் சாவி மேல் லேசாகப் போட்டு வைத்தால் பள்ளத்திலிருந்து சாவி நழுவாது. உளியையும் சுத்தியலையும் வைத்துத் தட்டிக் கழற்றினால் பள்ளத்தின் ஓரம் உடையும். அதன் பிறகு அந்த ஃப்ரீவீலை யாராலும் கழற்ற முடியாது.

அடுத்து நிப்பிள். முந்தின இரவே மண்ணெண்ணெயோ டீசலோ ஒவ்வொரு நிப்பிளிலும் விட்டுவைக்க வேண்டும். ரிம்மை மறுபடி பயன்படுத்துவதாக இருந்தால் எல்லாவற்றையும் அரைச் சுற்று, அரைச் சுற்றாகச் சுற்றிலும் தளர்த்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெட்டித் தள்ளினால் ரிம் எட்டுப் போட்டுவிடும். துருப்பிடித்து அசையாத நிப்பிளின் கம்பியை, மற்றவை எல்லாம் தளர்ந்த பிறகு வெட்டலாம்.

ஹப்பைக் கழுவி, பால்ஸையும் அவை உருளும் அச்சுக் கூம்பான கோனையும் பார்க்க வேண்டிய நேரம் இது. பின்வீலில் ஒரு பக்கத்துக்குக் கால் அங்குல பால்ஸ் 9. முன்வீலில் பக்கத்துக்கு 3/16 அங்குல பால்ஸ் 10. கோனில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். கோன் ஆட்டத்தோடு வீல் கட்டினால் ரிம்மின் கோட்டம் எது, அச்சின் ஆட்டம் எது என்று பிரித்தறிய முடியாது, மணிக்கணக்கில் வீணாகும். ஹப் ஓட்டைகளையும் பார்க்க வேண்டும். பழைய கம்பி அரைத்து ஓட்டை முட்டை வடிவம் ஆகியிருந்தால், கம்பித் தலைக்குக் கீழே சின்னப் பித்தளை வாஷர் ஒன்று போட்டால் கழுத்து ஆடாது. மிக அதிகமாக அரைத்திருந்தால் ஹப்பையே மாற்றிவிடலாம்.

கம்பி நீளம்

“28 இஞ்ச் பின்னாடி கம்பி” என்று கேட்டால் கடைக்காரர் ஒன்றைத் தருவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் ரிம் ஒரு கம்பெனி, ஹப் ஒரு கம்பெனி என்று கலந்தால் 3, 4 மி.மீ. தவறும். 2 மி.மீ. நீளமாக இருந்தால் புரி முடிந்துவிடும், நிப்பிள் மேலே ஏறாது. முனை நிப்பிளைத் தாண்டி நீட்டி டியூபைக் குத்தும். 3 மி.மீ. குட்டையாக இருந்தால் நிப்பிளின் கழுத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு பாரம் ஏறும்போது நிப்பிள் தலை அறுந்து போகும். அளந்துவிடுவதே நல்லது.

ரிம்முக்கு: இரண்டு பழைய கம்பியை, கழுத்து வளைவின் உட்பக்கத்திலிருந்து புரி முனை வரை சரியாக 250 மி.மீ. வருமாறு வளைத்துக்கொள்ள வேண்டும். நிப்பிளை, கம்பி முனை ஸ்க்ரூடிரைவர் வெட்டின் அடியைத் தொடும் வரை ஏற்ற வேண்டும். நேர் எதிர் ஓட்டைகளில், அதாவது 20 ஓட்டை தள்ளி, இரண்டையும் மாட்டி இழுத்துப் பிடித்தால் நடுவில் இடைவெளி தெரியும். இந்த ரிம்மில் 120 மி.மீ. வந்தது. 250 + 250 + 120 = 620. ரிம்மைச் சுற்றி நாலு இடத்தில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். நாலுக்குள் 3 மி.மீ. வித்தியாசம் வந்தால் ரிம் வட்டமே இல்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஹப்பில்: எதிரெதிர் ஓட்டைகளின் மையங்களுக்கு இடையே 60 மி.மீ.; பாதி 30. லாக் நட்டிலிருந்து (கோனை நிறுத்தும் வெளி நட்டு) லாக் நட்டு வரை அகலம் 112, பாதி 56. செயின் பக்கத் தட்டு லாக் நட்டிலிருந்து 29 மி.மீ. உள்ளே இருக்கிறது. 56-இல் 29 போக, நடுவிலிருந்து 27. மறுபக்கம் 23 உள்ளே; 56-இல் 23 போக, 33.

கணக்கு இப்படி. ரிம் அளவின் பாதியை வர்க்கம் செய்தால் 310 × 310 = 96,100. ஹப் அளவின் பாதி வர்க்கம் 900. நடுத் தூரத்தின் வர்க்கம் செயின் பக்கம் 729, மறுபக்கம் 1,089. இந்த மூன்றையும் கூட்டி, அதிலிருந்து 2 × 310 × 30 × 0.309 = 5,747 கழிக்க வேண்டும். 0.309 என்பது 40 கம்பியில் நாலு குறுக்குப் போடும்போது, அதாவது ஒவ்வொரு கம்பியும் அதே பக்கத்து நாலு கம்பியைத் தாண்டும்போது, வரும் 72 டிகிரியின் கொசைன். வந்ததற்கு வர்க்கமூலம் எடுத்து, ஹப் ஓட்டையின் பாதி 1.3 மி.மீ. கழித்தால் செயின் பக்கம் 302.0, மறுபக்கம் 302.6. இரண்டு பக்கத்துக்கும் 302 போதும். கியர் வைத்த சைக்கிளில்தான் இரண்டு பக்கமும் தெளிவாக வேறு வேறு நீளம் வேண்டியிருக்கும்.

முன்வீலுக்கு 32 ஓட்டை, மூன்று குறுக்கு; 0.309-க்குப் பதில் 0.383 போட வேண்டும். ஹப் சின்னதாக இருப்பதால் அரை அளவு 20 அளவில் வரும். நீளம் 303 சொச்சம். 304 கிடைத்தால் நல்லது, 302 இருந்தாலும் ஓடும்.

கோப்பது

ஒவ்வொரு கம்பிப் புரியையும் ஆளி விதை எண்ணெயில், அதாவது பெயிண்ட் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயிலில், தோய்த்து எடுக்க வேண்டும். திருகும்போது வழுக்கும், காய்ந்த பிறகு பிசின் போலப் பிடித்து நிப்பிள் தானாகக் கழலாமல் காக்கும். அது இல்லையென்றால் கிரீஸ். வெறும் புரியில் மட்டும் நிப்பிளை ஏற்றக் கூடாது.

செயின் பக்கம் உங்களைப் பார்க்க ஹப்பைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தட்டில் ஒன்று விட்டு ஒன்றாகப் பத்துக் கம்பியை வெளியிலிருந்து உள்ளே நுழைக்க வேண்டும். தலை வெளியே தெரியும். ரிம்மில் வால்டியூப் ஓட்டை மேலே இருக்கட்டும். ரிம் ஓட்டைகள் நடுக்கோட்டில் இல்லாமல் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். வால்டியூப் ஓட்டைக்கு வலப்பக்கம், செயின் பக்கமாகச் சாய்ந்திருக்கும் முதல் ஓட்டையில் முதல் கம்பி. அதிலிருந்து மூன்று ஓட்டை விட்டு நாலாவதில் அடுத்தது. இப்படிப் பத்தும் கோத்து, நிப்பிளை மூன்று நாலு சுற்று மட்டும் பிடிக்க விட வேண்டும்.

இப்போது மறுபக்கத் தட்டு. இரண்டு தட்டின் ஓட்டைகளும் நேருக்கு நேர் இருக்காது, பாதி தள்ளியிருக்கும். அச்சுக்கு இணையாக ஒரு கம்பியை நீட்டிப் பார்த்தால் தெரியும். முதல் கம்பி வால்டியூப் ஓட்டைக்கு அடுத்ததிலேயே இருந்தால், அதற்கு வலப்பக்கம் பாதி தள்ளியிருக்கும் மறுபக்க ஓட்டையில் கம்பியை நுழைத்து, ரிம்மில் அதற்கு வலப்பக்கத்து ஓட்டையில் கோக்க வேண்டும். முதல் கம்பி இரண்டாவது ஓட்டையில் இருந்தால் இது இடப்பக்கம் வரும். மீதி ஒன்பதும் அதே வரிசையில். முடிந்ததும் ரிம் முழுக்க இரண்டு நிரம்பி, இரண்டு காலி என்று வர வேண்டும். வால்டியூப் ஓட்டைக்கு ஒரு புறம் நிரம்பிய ஜோடி, மறுபுறம் காலி ஜோடி. வராவிட்டால் இங்கேயே பிரித்துக் கோக்க வேண்டும். மேலே போனால் கடைசிக் கம்பியில்தான் தெரியவரும்.

செயின் பக்கம் பார்த்தபடி ரிம்மைப் பிடித்துக்கொண்டு, ஹப்பைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருக வேண்டும். முதல் கம்பி வால்டியூப் ஓட்டையை விட்டு விலகிச் சாயும். ஓட்டையைத் தாண்டி மூடிக்கொண்டு சாய்ந்தால் திருகிய திசை தவறு. அப்படியே கட்டிவிட்டாலும் வீல் ஓடும். ஆனால் காற்றடிக்கும் பம்பின் வாய் உள்ளே நுழையாமல், பஞ்சர் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் முனகுவார்.

அடுத்து மீதியுள்ள பத்துக் கம்பி செயின் பக்கத் தட்டில் உள்ளிருந்து வெளியே. ஒவ்வொன்றும் அதே தட்டின் நாலு கம்பியைக் குறுக்கே தாண்ட வேண்டும். முதல் மூன்றுக்கு வெளியே போய், நாலாவதுக்கு மட்டும் உள்ளே நுழைய வேண்டும். அந்த நாலாவது இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்பதால்தான் பள்ளத்தில் விழும்போது எதுவும் முழுசாகத் தொய்வதில்லை. கம்பி லேசாக வளையும், பயப்பட வேண்டாம். குறுக்குக் கணக்கு மூன்றாகப் போனால் கம்பி நீண்டு தொங்கும், ஐந்தாகப் போனால் ரிம்மை எட்டாது. எனவே எண்ணத் தவறினாலும் கம்பியே சொல்லிவிடும். மறுபக்கமும் இப்படியே.

முறுக்குவது

பொறுமை தேவைப்படுவது இங்கேதான். நாற்பதையும் ஸ்க்ரூடிரைவரால் புரி மறையும் வரை ஏற்ற வேண்டும். இந்த ஆரம்பம் சமமாக இல்லாவிட்டால் பின்னால் படும் பாடு இரட்டிப்பாகும். எல்லாம் சம அளவில் வந்ததும், வெளிப்பக்கம் வளைந்து நிற்கும் கம்பிகளை ஹப் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்தி, தட்டோடு ஒட்டப் படுக்க வைக்க வேண்டும். புதிய கம்பியின் கழுத்து தட்டில் பொருந்தாமல் வில்லாக நிற்கும். அதை அப்படியே முறுக்கினால் பாரம் ஏறிய பிறகுதான் படியும், படிந்ததும் முறுக்கம் போய்விடும்.

வால்டியூப் ஓட்டையில் தொடங்கி எல்லா நிப்பிளும் ஒரு முழுச் சுற்று. 14 கேஜ் கம்பிப் புரி பொதுவாக அங்குலத்துக்கு 56. ஒரு சுற்றுக்கு 0.45 மி.மீ. இழுக்கும். பிறகு அரைச் சுற்று, பிறகு கால். எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதில் குழப்பம் வரும். டயர் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரத் திசை. சாவி போடும்போது ஹப் பக்கமிருந்து பார்ப்பதால் எதிர்த் திசை.

தனி ஸ்டாண்டு தேவையில்லை. சைக்கிளைக் கவிழ்த்து அதன் பின் கவையிலேயே மாட்டலாம். மட்கார்டு கம்பியைக் கழற்றிவிட்டு, கவையின் இரண்டு காலிலும் பிளாஸ்டிக் கட்டுப் பட்டை போட்டு, அதன் வாலை ரிம் ஓரத்தை ஏறத்தாழத் தொடுமாறு வெட்டினால் அதுவே கோட்டம் காட்டும் முள். மேடு பள்ளம் பார்க்க இன்னொன்று ரிம்முக்கு வெளியே குறுக்காக.

முதலில் மேடு பள்ளத்தை எடுக்க வேண்டும், கோட்டத்தை அல்ல. கம்பி பிரேக்கில் கட்டை ரிம்மின் உட்புறத்தை ஹப் பக்கமிருந்து அழுத்துகிறது. மேடு 1 மி.மீ. இருந்தாலும் பிடிக்கும்போது சுற்றுக்கு ஒரு முறை ‘டக்’கென்று இடிக்கும். பக்கவாட்டுக் கோட்டம் 1 மி.மீ. வரை அந்தப் பிரேக் பொறுத்துக்கொள்ளும். ரிம்மின் இரு பக்கமும் கவ்வும் பிரேக் உள்ள சைக்கிளில் இது தலைகீழ். அங்கே கோட்டம் அரை மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். மேடு இருக்கும் இடத்தில் இரு பக்கக் கம்பிகளையும் ஜோடியாக அரைச் சுற்று இறுக்க வேண்டும்; பள்ளத்தில் ஜோடியாகத் தளர்த்த வேண்டும். ஜோடியாகச் செய்தால் கோட்டம் கெடாது.

கோட்டம் இடப்பக்கம் போகிறது என்றால் அந்த இடத்து வலப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, இருபுறமும் உள்ள இடக் கம்பிகளை அரைக்கால் தளர்த்த வேண்டும். இறுக்க மட்டுமே செய்துகொண்டு போனால் வீல் நேராக வரும், ஆனால் முறுக்கம் தாறுமாறாகிவிடும். தெருக்கடையில் அவசரத்துக்குக் கோட்டம் எடுப்பதில் நடப்பது இதுதான். அவர்களையும் குறை சொல்ல முடியாது. தரும் கூலி பத்து நிமிட வேலைக்குத்தான்.

நடு பார்க்க வீலைக் கழற்றி இடம் வலமாகத் திருப்பி மாட்ட வேண்டும். கவைக் காலிலிருந்து ரிம் வரை இரண்டு முறையும் ஒரே இடைவெளி வந்தால் ரிம் நடுவில் இருக்கிறது. 2 மி.மீ. வித்தியாசம் என்றால் ரிம் 1 மி.மீ. தள்ள வேண்டும். எந்தப் பக்கம் தள்ள வேண்டுமோ அந்தப் பக்கம் இருபது கம்பியையும் கால் சுற்று இறுக்கலாம்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் காதைப் பயன்படுத்த வேண்டும். கம்பியை ரிம் ஓரத்தில் விரலால் மீட்டினால் சத்தம் வரும். மிருதங்கத்துக்குச் சுற்றிச் சுற்றித் தட்டிச் சுருதி சேர்ப்பது போலத்தான் இதுவும். ஒரே பக்கத்துக் கம்பிகளுக்குள் மட்டும் ஒப்பிட வேண்டும். மறுபக்கம் தணிந்த சுருதியில்தான் இருக்கும், அது கோளாறு அல்ல. நடுவிலிருந்து 27, 33 என்று தூரம் வேறாக இருப்பதால் மறுபக்க முறுக்கம் செயின் பக்கத்தில் 82 சதவீதம்தான் வரும். காது பழகாதவர்கள் மொபைலில் சுருதி பார்க்கும் செயலியை வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்து இருபதும் அரைச் சுருதிக்குள் வந்தால் போதும்.

எவ்வளவு இறுக்கம் போதும் என்பதற்கு இழுவிசைமானி இருந்தால் எளிது. இரும்பு ரிம்முக்குச் செயின் பக்கம் 80, 90 கிலோ இழுப்பு. மானி இல்லையென்றால், நல்ல நிலையில் உள்ள அதே அளவுப் புது வீலின் கம்பியை மீட்டி அந்தச் சுருதிக்குக் கொண்டுவர வேண்டும். இன்னொரு வழி: இணையாகப் போகும் இரண்டு கம்பியை ஒரே கையில் பிடித்து அழுத்தினால் கொஞ்சமே கொடுக்க வேண்டும். பின்வரும் அழுத்தும் வேலையின்போது வீல் திடீரென்று எட்டுப் போட்டால் முறுக்கம் எல்லை தாண்டியது. எல்லாவற்றையும் அரைச் சுற்று தளர்த்த வேண்டும்.

கடைசிக் கட்டத்தில் நிப்பிளோடு கம்பியும் முறுக்கிக்கொள்ளும். திருகியது போலத் தோன்றும், ஆனால் இறுகியிருக்காது. கம்பியில் சின்னத் துண்டு டேப்பைக் கொடி போல ஒட்டி வைத்தால் கம்பி திரும்புவது கண்ணுக்குத் தெரியும். கால் சுற்று வேண்டுமானால் அரைச் சுற்று போய், கால் சுற்று திரும்பி வர வேண்டும்.

பிறகு அழுத்துவது. தோல் கையுறை போட்டுக்கொண்டு, இணைக் கம்பிகளை இரண்டு கையிலும் பிடித்துப் பலமாக நெருக்க வேண்டும், வீல் முழுக்க. ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்கும். கழுத்தும் நிப்பிளும் தங்கள் இடத்தில் உட்காருகின்றன. இதன் பிறகு கோட்டம் 1 மி.மீ.க்கு மேல் கெடும், மறுபடி எடுக்க வேண்டும். நெருக்கினாலும் கோட்டம் மாறாத நிலை வரும் வரை இதைத் திருப்பித் திருப்பிச் செய்ய வேண்டும். பெரும்பாலானோர் விட்டுவிடும் வேலை இது. விட்டுவிட்டால் முதல் மூட்டை ஏறும்போது வீல் தானாகச் செய்துகொள்ளும், கோட்டத்தோடு.

நிப்பிளைத் தாண்டிக் கம்பி முனை நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் தேய்த்து, பழைய டியூபை நீளமாக வெட்டி ரிம் டேப்பாகப் போடலாம். முதல் 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை மீட்டிப் பார்த்து, தேவைப்பட்ட இடத்தில் அரைக்கால் சுற்று.

டெல்டாத் தண்ணீர்

ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போன சைக்கிளின் இரும்பு ரிம்முக்குள் கம்பி ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து, டேப்புக்கு அடியில் நாள்கணக்கில் தேங்கும். ரிம் உள்ளிருந்து துருப்பது அதனால்தான். வெளியே பளபளக்கும், நிப்பிள் பள்ளம் ஒரு நாள் பெயர்ந்து வரும். கட்டும்போதே ரிம்மின் டியூப் பக்கம் துரு தடுக்கும் பெயிண்ட் ஒரு பூச்சு அடிப்பதற்குச் செலவு மிகக் குறைவு. வெள்ளம் வடிந்ததும் டயரை ஒரு பக்கம் தளர்த்தி, வீலை நிமிர்த்தி வைத்து வடியவிட்டு, நிப்பிளுக்கு ஒரு சொட்டு எண்ணெய். அலாய் ரிம் போட்டவர்கள் அலுமினிய நிப்பிளைத் தொடாமல் பித்தளையே போட வேண்டும். உப்புக் காற்றில் அலுமினிய நிப்பிள் வெள்ளையாகப் பூத்து, சாவி போட்டதும் உடையும். கம்பி பிரேக்குக்கு ஏற்ற வடிவில் 40 ஓட்டை அலாய் ரிம் தேடுவது நேர விரயம்.

அடுத்த வீலில் மாற்ற வேண்டியவை இரண்டு. செயின் பக்க இருபதுக்கு மட்டும் 13 கேஜ் போடலாம், ஹப் ஓட்டை இடம் கொடுத்தால். நிப்பிளும் அதற்கேற்ற அளவில் தனியாக வாங்க வேண்டும், 14 கேஜ் நிப்பிள் அதில் ஏறாது. இரண்டாவது, கம்பியை 40-க்குப் பதில் 46 வாங்குவது. கோக்கும்போது ஒன்றிரண்டின் புரி கெடும். மீதியை நிப்பிளோடு சேர்த்து டியூப் துண்டில் சுற்றி, சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் சுருளில் கட்டி வைத்துவிடலாம். மறுபக்கக் கம்பி முறிந்தால் வழியிலேயே மாற்றலாம். செயின் பக்கம் முறிந்தால் ஃப்ரீவீல் சாவி இல்லாமல் முடியாது. அடுத்திருக்கும் கம்பியோடு முறிந்ததைச் சுற்றிக் கட்டிவிட்டு, மூட்டையை இறக்கித் தள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான்.